ஆங்கிலத்தில் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது

இலக்கணம் சரியாக இருக்கும். சொல்லும் தெரிந்த சொல்தான். ஆனாலும் போனின் மறுமுனையில் இருப்பவர் திரும்பவும் சொல்லச் சொல்லுவார். வெளிநாட்டு மருத்துவமனை நேர்காணலுக்கு உட்காரும் நர்சிங் பிள்ளைகள், கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் என்று நம் மாவட்டத்தில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. ‘என் ஆக்சென்ட் சரியில்லை’ என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். நாகர்கோவிலில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குமரித் தமிழின் சாயல் உங்கள் ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கட்டும். அதனால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அழுத்தமும் ஏற்ற இறக்கமும்தான்.

தமிழில் கேள்வி கேட்க ‘ஆ’ இருக்கிறது. ஒன்றை மட்டும் தனியாகக் காட்ட ‘தான்’ இருக்கிறது. மரியாதைக்கு ‘ங்க’ இருக்கிறது. இவற்றைச் சேர்த்துவிட்டால் போதும், குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டே பேசிவிடலாம். ஆங்கிலத்தில் இப்படி ஒட்டிக்கொள்ளும் உருபுகள் கிடையாது. அந்த வேலையில் பெரும் பங்கைக் குரல் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வரிசையாகப் பழகுங்கள். முந்தையது கைக்கு வராமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

சில்லபிளை எண்ணுங்கள்

ஓர் உயிர் ஒலி வந்தால் ஒரு சில்லபிள். யாப்பில் படித்த அசையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘மலர்’ யாப்பில் ஒரே நிரையசை; இங்கே ம, லர் என இரண்டு சில்லபிள். மேசையில் விரலால் தட்டித் தட்டி எண்ணுங்கள்: நர்ஸ் ஒன்று, டாக்டர் இரண்டு, ஹாஸ்பிடல் மூன்று.

நாம் இரண்டு வகையில் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறோம். ஒன்று, சொல்லின் தலையிலோ வாலிலோ ஓர் உயிரை ஒட்டுவது: ‘பஸ்’ ஒரு சில்லபிள், ‘பஸ்ஸு’ இரண்டு, ‘ஸ்கூல்’ ஒன்று, ‘இஸ்கூல்’ இரண்டு. மற்றது, எழுத்தைப் பார்த்து அப்படியே வாசிப்பது. பிசினஸ் என்று மூன்றாகச் சொல்வது உண்மையில் ‘பிஸ்னஸ்’, இரண்டு. வெஜிடபிள் ‘வெஜ்டபிள்’ ஆகி மூன்று. கம்ஃபர்டபிள் ‘கம்ஃப்டபிள்’, அதுவும் மூன்று.

இன்னொன்று. ‘ஹாப்பி’ என்று எழுதும்போது நாம் ‘ப்’ ஒலியில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறோம். தமிழில் அந்த நிறுத்தம் அவசியம், இல்லாவிட்டால் பொருளே மாறும். ஆங்கிலத்தில் இரட்டிப்பது எழுத்து மட்டுமே, ஒலி ஒற்றைதான். நிற்காமல் கடந்து போங்கள்.

எந்தச் சில்லபிளில் அழுத்தம்?

நல்ல ஆங்கில அகராதி எதிலும், அழுத்தம் விழும் சில்லபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு நேர்கோடு இருக்கும். (சில பழைய அகராதிகளில் கோடு சில்லபிளுக்குப் பின்னால் வரும், முன்னுரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். இந்தக் கட்டுரையிலும் அதே கோட்டையே போடுகிறேன்.

டிˈவெலப், ஹோˈடெல், இˈவென்ட், கˈமிட்டி, பˈனானா: இவற்றில் இரண்டாவது சில்லபிள். ˈஇன்டஸ்ட்ரி, ˈகேரக்டர், ˈகேட்டகரி: இவற்றில் முதலாவது. எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் இதுவரை சொன்ன விதம் எங்கே மாறுகிறது என்று உடனே தெரியும்.

அழுத்தம் என்றால் கத்துவது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நான்கு காரியம் சேர்ந்து நடக்கிறது: அந்தச் சில்லபிள் நீள்கிறது, சுருதி சற்று ஏறுகிறது, ஒலி பலமாகிறது, உயிர் ஒலி தெளிவாகக் கேட்கிறது. தமிழில் ‘பல்’ நீண்டால் ‘பால்’ ஆகிவிடும் என்பதால் நீளத்தைத் தொட நமக்குத் தயக்கம். அதனால் பலத்தை மட்டும் கூட்டுகிறோம்; கேட்பவருக்கு அதட்டுவது போல இருக்கிறது. இதற்கு ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு பழகுவது நல்ல வழி. ‘டி’யில் சும்மா வைத்திருங்கள், ‘வெ’யில் இழுங்கள், ‘லப்’பில் விட்டுவிடுங்கள். கை நீளும்போது குரலும் நீளும்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய சொல் ஒன்று உண்டு. தொழில்வாழ்க்கை என்ற பொருளில் வருவது கˈரியர். நம்மில் மிகப் பலர் சொல்வது ˈகேரியர். அது சுமந்து செல்பவரைக் குறிக்கும். மருத்துவமனை நேர்காணலில் அந்தச் சொல்லுக்கு நோய்க்கிருமியைச் சுமப்பவர் என்றுகூடப் பொருள் உண்டு.

சில சொற்களில் அழுத்தம் இடம் மாறினால் பெயர் வினையாகிவிடும். ˈரெக்கார்ட் என்றால் பதிவேடு, ரிˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபெர்மிட் அனுமதிச்சீட்டு, பர்ˈமிட் அனுமதி கொடு. ˈஇம்போர்ட், இம்ˈபோர்ட் ஜோடியும் அப்படித்தான். ஆனால் எல்லாச் சொல்லும் இதற்குக் கட்டுப்படாது: ரிˈப்போர்ட் பெயரானாலும் வினையானாலும் இரண்டாவதில்தான், ˈஆன்சர் எப்போதும் முதலாவதில்தான்.

நீண்ட சொற்களுக்கு வாலைப் பாருங்கள். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தைய சில்லபிளில்: குவாலிஃபிˈகேஷன், எக்கˈனாமிக், ரிஸ்பான்சிˈபிலிட்டி. விலக்கும் உண்டு: ˈபாலிடிக்ஸ், ˈகாத்தலிக். ‘இயர்’ என்று முடியும் எஞ்சிˈனியர், வாலன்ˈடியர் போன்றவற்றில் வாலே அழுத்தம் வாங்கும். இரண்டு பெயர் சேர்ந்து ஒன்றானால் பெரும்பாலும் முதல் பாதி: ˈலைட்ஹவுஸ், ˈபஸ் ஸ்டாண்ட், ˈஃபிளவர் மார்க்கெட். ஊர்ப்பெயர் முன்னால் வந்தால் பின்பாதிக்கு: முட்டம் ˈபீச். இதற்கு மேல் விதிகளைத் துரத்த வேண்டாம். புதுச் சொல் எழுதிக்கொள்ளும்போதே கோட்டையும் போட்டு எழுதுகிற பழக்கம் விதிகளைவிட அதிகம் உதவும்.

அகராதி ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் என்பதற்கு பிரிட்டனில் அட்ˈவர்டிஸ்மென்ட், அமெரிக்காவில் அட்வர்ˈடைஸ்மென்ட். ஆய்வகம் பிரிட்டனில் லˈபாரட்டரி, அமெரிக்காவில் ˈலேப்ரட்டரி. இரண்டும் சரிதான். போகப்போகும் நாட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குழப்பம் குறையும்.

எண்கள் தனி எச்சரிக்கை. ˈதர்ட்டி முப்பது, தர்ˈடீன் பதின்மூன்று. பின்னால் அழுத்தமான சொல் வந்தால் ‘டீன்’ அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறந்த 1970-ஐ ˈநைன்டீன் ˈசெவன்ட்டி என்பார்கள். அப்போது ‘டீ’யின் நீளத்தையும் கடைசி ‘ன்’ ஒலியையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விலை சொல்லும் இடத்தில் சந்தேகம் வந்தால் ‘ஒன் த்ரீ, தர்ˈடீன்’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மீதியைச் சுருக்குங்கள்

நம்மவர்களுக்கு அழுத்துவதைவிடக் கஷ்டமானது விடுவது. எல்லா எழுத்துக்கும் அதனதன் மாத்திரையைக் கொடுத்துப் பழகிய வாய் நமக்கு. ஆனால் தமிழிலேயே இதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. ‘பசு’ என்று சொல்லுங்கள், அடுத்து ‘நாடு’ என்று சொல்லுங்கள். ‘பசு’வில் உதடு குவிகிறது. ‘நாடு’வில் குவியாமல், பாதி சொல்லி விட்டுவிடுகிறோம். குற்றியலுகரம், அரை மாத்திரை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். அந்தத் தளர்ந்த ஒலியோடு ஏறத்தாழ ஒட்டி வருவதுதான் ஷ்வா என்று சொல்லப்படும் ஆங்கில ஒலி. அழுத்தம் இல்லாத சில்லபிள்களில் பெரும்பாலும் அதுதான் நிற்கிறது. பˈனானாவின் முதல் ‘ப’விலும் கடைசி ‘னா’விலும், அˈபவுட்டின் ‘அ’வில், ˈடாக்டரின் ‘ட’வில், ˈபேஷன்ட்டின் ‘ஷ’வில் எல்லாம் அதே ஒலி. எழுத்து என்னவாக இருந்தாலும் வாயைத் தளர்த்திவிட்டுக் கடந்து போங்கள்.

வாக்கியத்திலும் இதே கதை. பெயர், வினை, பண்பைச் சொல்லும் சொல், கேள்விச் சொல், ‘நாட்’ போன்ற மறுப்பு ஆகியவை அழுத்தம் வாங்கும். த, அ, டு, ஆஃப், ஃபார், அண்ட், வாஸ் போன்ற சில்லறைச் சொற்கள் சுருங்கும். கைதட்டிக்கொண்டே இதைச் சொல்லிப் பாருங்கள்:

ˈபோட்ஸ் ˈபிரிங் ˈஃபிஷ்.
த ˈபோட்ஸ் ஆர் ˈபிரிங்கிங் த ˈஃபிஷ்.
த ˈபோட்ஸ் வில் பி ˈபிரிங்கிங் சம் ˈஃபிஷ்.

மூன்றிலும் மூன்றே தட்டுதான் வர வேண்டும். இடையில் வந்து சேர்ந்த சொற்களை அந்த இடைவெளிக்குள்ளேயே அடக்க வேண்டும். கடிகாரம் வைத்து அளந்தால் இடைவெளி சரிசமமாக வராது. காதுக்குத் தாளம் தவறாமல் கேட்டால் போதும்.

கேன், கான்ட்

இதற்கு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், முக்கியமாக நர்சுகள். ‘ஷி கேன் டேக் டேப்லெட்ஸ்’ என்று டியூட்டி மாற்றும்போது சொல்கிறீர்கள். ‘கேன்’ இங்கே சில்லறைச் சொல். ‘ஷி கன் ˈடேக் ˈடேப்லெட்ஸ்’ என்று, ‘கன்’னை விழுங்கின மாதிரி சொல்ல வேண்டும். மறுப்பு என்றால் ‘ஷி ˈகான்ட் ˈடேக் ˈடேப்லெட்ஸ்’. வேகமான பேச்சில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் காதில் விழாது. முடியும் என்கிறாரா முடியாது என்கிறாரா என்பதை, அந்தச் சொல் அழுத்தமாக வந்ததா சுருங்கி வந்ததா என்று வைத்துத்தான் கேட்பவர் முடிவு செய்கிறார். நாம் தெளிவாகச் சொல்கிறோம் என்று நினைத்து ‘ˈகேன்’ என்று அழுத்தினால், அமெரிக்கர் காதில் அது மறுப்பாகவே விழக்கூடும், ஏனென்றால் அவர்கள் மறுப்பிலும் ‘கா’ இல்லாமல் ‘கே’ சாயல்தான். ‘யெஸ், ஐ ˈகேன்’ என்று அந்தச் சொல்லோடு பதில் முடியும்போது மட்டும் முழுசாகச் சொல்லலாம். நோயாளி சம்பந்தப்பட்ட இடத்தில் மறுப்புக்கு ‘ˈகேனாட்’ அல்லது ‘இஸ் ˈநாட் ˈஏபிள் டு’ என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு.

‘தான்’ எங்கே, அழுத்தம் அங்கே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள். ஒரு வாக்கியத்தில் எல்லா அழுத்தத்தையும்விட மேலாக ஓர் அழுத்தம் உண்டு. எதுவும் விசேஷமாகச் சொல்ல வேண்டியதில்லை என்றால் அது கடைசி முக்கியச் சொல்லில் விழும்: ‘ஐ வொர்க் இன் அ ˈஹாஸ்பிடல்.’ எதையாவது தனியே எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் அது நகரும். ‘ஐ புக்ட் டூ ரூம்ஸ் ஃபார் மண்டே’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்தான் பதிவு செய்தேன், வேறு யாருமில்லை என்றால் அழுத்தம் ‘ஐ’யில். இரண்டு அறைதான், மூன்று இல்லை என்றால் ‘டூ’வில். திங்கட்கிழமைக்குத்தான் என்றால் ‘மண்டே’யில். சொற்கள் அப்படியே இருக்கின்றன. தமிழில் ‘தான்’ நடந்துபோன வழியிலேயே ஆங்கிலத்தில் அழுத்தம் நடக்கிறது. கேள்வியில் ‘ஆ’வும் இதே வேலையைச் செய்யும். ‘நேற்றா மார்த்தாண்டம் போனாய்?’ என்றால் ‘டிட் யூ கோ டு மார்த்தாண்டம் ˈயெஸ்டர்டே?’, ‘நேற்று மார்த்தாண்டமா போனாய்?’ என்றால் அழுத்தம் மார்த்தாண்டத்தில், ‘நீயா போனாய்?’ என்றால் ‘யூ’வில். சந்தேகம் வரும்போதெல்லாம் வாக்கியத்தை முதலில் தமிழில் நினைத்து, ‘தான்’ அல்லது ‘ஆ’ எதில் ஒட்டுகிறது என்று பாருங்கள். அந்தச் சொல்லின் அழுத்தச் சில்லபிளை நீட்டுங்கள், அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் தாழ்த்திவிடுங்கள்.

பின்னால் வருவதைத் தாழ்த்துவதில்தான் நாம் சறுக்குகிறோம். வரவேற்பு மேசையில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது:

“டு யூ ஹேவ் அ ரூம்?”
“யெஸ் மேம். அ ˈசிங்கிள் ரூம் ஆர் அ ˈடபிள் ரூம்?”
“அ டபிள் ரூம், வித் அ ˈசீ வியூ.”

‘ரூம்’ ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது. அதை மறுபடியும் அழுத்தினால், ஏதோ புதுச் செய்தி வருகிறது என்று கேட்பவர் காத்திருப்பார். பழையதைத் தாழ்த்துவது, புதியதை நீட்டுவது. இது வந்துவிட்டால் உச்சரிப்பில் வேறு எத்தனை குறை இருந்தாலும் நீங்கள் சொல்வது போய்ச் சேரும்.

குரல் எங்கே இறங்க வேண்டும்

குமரிப் பேச்சில் ஒரு இழுவை உண்டு. ‘எங்க போறே மக்களே?’ என்று கேட்கும்போது கடைசி உயிரை இழுக்கிறோம். தமிழில் அதில் அன்பு இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் அந்த இழுவை வந்தால் வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் இறக்கத்தைப் பழகுங்கள். செய்தி சொல்லும் வாக்கியம் இறங்கி முடியும். வாட், வேர், வென், ஹவ் என்று தொடங்கும் கேள்வியும் சாதாரணமாக இறங்கித்தான் முடியும்: ‘வேர் டு யூ ˈலிவ்↘?’ ஆமா, இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்வி ஏறும்: ‘ஆர் யூ ˈரெடி↗?’

பட்டியல் சொல்லும்போது ஒவ்வொன்றிலும் ஏறி, கடைசியில் இறங்குங்கள்: ‘டீ↗, காஃபி↗, அண்ட் லைம் ஜூஸ்↘’. கடைசியிலும் ஏறினால் விருந்தாளி நாலாவது எதுவோ வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ‘டீ↗ ஆர் காஃபி↘?’ என்றால் இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பொருள். போன் எண்ணுக்கும் இதே முறை. பத்து இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, முதல் ஐந்தின் கடைசியில் ஏறி ஒரு கணம் நின்று, இரண்டாவதன் கடைசியில் இறங்குங்கள்.

‘சாரி↗’ என்று ஏறினால் திரும்பச் சொல்லுங்கள், ‘சாரி↘’ என்று இறங்கினால் மன்னிக்கவும். ‘த ஃபெர்ரி ஸ்டாப்ஸ் அட் ஃபோர், ˈடஸன்ட் இட்?’ என்பதில் கடைசி இரண்டு சொல் இறங்கினால் எனக்குத் தெரியும், ஆமாம் என்று சொல்லுங்கள் என்பது. ஏறினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்பது.

அடுத்து மரியாதை. ‘உட்காருங்க’ என்பதில் மரியாதை சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘சிட் டவுன்’ என்பதில் அது கிடையாது. ‘ப்ளீஸ்’ சேர்த்துவிட்டோமே என்று நினைக்கலாம். தட்டையான குரலில், ‘ப்ளீஸ்’ஸை அழுத்திச் சொன்னால் பொறுமை இழந்துவிட்டதைப் போலக் கேட்கும். ‘குட் யூ ˈசைன் ஹியர், ப்ளீஸ்↗’ என்று சற்று உயர்ந்த சுருதியில் தொடங்கி, ‘ப்ளீஸ்’ஸை லேசாக விட்டு, முடிவில் மெல்ல ஏறுங்கள். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். ஆங்கிலத்தில் மட்டும் அது வெளியே தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

பழகும் முறை

ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் நிதானமாகப் பேசும் அரை நிமிட ஒலித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் எழுத்தோடு சேர்த்தே கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அடுத்து சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் ‘ம்ம்’ என்று முனகுங்கள். இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், பலன் இதில்தான் அதிகம். அப்புறம் எழுத்தை எடுத்து அழுத்தக் கோடும் அம்பும் போடுங்கள். கடைசியாக அவரோடு சேர்ந்தே பேசி, போனில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தினம் புதுத் துண்டு வேண்டாம். ஒன்றையே ஒரு வாரம் பழகலாம்.

உங்கள் ஊரைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்வதும் நல்லது. திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 133 அதிகாரத்துக்கு 133 அடி, திறந்தது 2000 ஜனவரி 1. எண், ஆண்டு, காரணம் என்று எல்லாம் அதில் வருகிறது. எங்கே அழுத்தினால் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார் என்பதும் பிடிபடும்.

வளைகுடாவில் வேலை என்றால் உடன் வேலை செய்கிறவர்கள் மலையாளிகளாகவும் பிலிப்பினோக்களாகவும் அரபியராகவும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழிதான். அங்கே சில்லறைச் சொற்களை அதிகம் விழுங்க வேண்டாம். ‘தான்’ அழுத்தமும் சொல்லழுத்தமும் மட்டும் தவறாமல் இருக்கட்டும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு: வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். மதிப்பெண்ணுக்கான நான்கு அளவுகோல்களில் உச்சரிப்பு ஒன்று, நான்குக்கும் சம எடை. அழுத்தமும் ஏற்ற இறக்கமும் அதில் அடக்கம். இரண்டாம் பகுதியில் தயாராக ஒரு நிமிடமும் தாளும் பென்சிலும் தருவார்கள். முழு வாக்கியம் எழுதாமல், நீட்டிச் சொல்லப்போகும் சொற்களை மட்டும் எழுதி அடிக்கோடிடுங்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் குரல் தட்டையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஓஇடி என்பது நர்சுகள் போன்ற மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுப் பகுதியில், நீங்கள் நர்சாக நடித்துப் பேசும் உரையாடல்கள் இரண்டு. அதில் கேட்பவருக்குப் புரிகிறதா என்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. உங்கள் கையில் தரும் அட்டையில் உள்ள கட்டளைகளை அப்படியே வாசித்துவிடாமல், பயந்து போயிருக்கும் ஒரு நோயாளியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை எந்தச் சுருதியில் தொடங்குவது என்று அதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.